பாணந்துறைப் பாலத்தடி அறக்குளா

1938 ஜனவரி 8, சனி

இன்றைக்கும் ஹமீட் நானா வந்துவிட்டார். சனிக்கிழமை இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, கந்தோரில் அரை நாள்தான் வேலை. சாப்பிட்ட கோப்பையை நான் இன்னும் கழுவி முடிக்கவில்லை, வாசலில் அந்த ஒஸ்டின் கார் இருமுகிற சத்தம்.

நாளைக்கு மீன்பிடிக்கப் போகிறார்கள். அதற்கு இன்று பின்னேரம் முழுக்கத் திட்டம். முன்னறை மேசையில் ஒரு பழுப்புக் கடதாசியை விரித்து, வெள்ளவத்தையிலிருந்து பாணந்துறை வரைக்கும் காலி வீதியைக் கோடாகக் கீறியிருந்தார்கள். தேத்தண்ணி வைக்கிற சாட்டில் எட்டிப் பார்த்தேன். கோடு நெடுக, நிற்க வேண்டிய இடங்களுக்குப் புள்ளடி. இரத்மலானையில் ஒரு அப்பக்கடை. மொரட்டுவையில் இன்னொரு அப்பக்கடை. ஏன் இரண்டு என்றால், இரண்டாவதில் கட்டச்சம்பல் நல்லதாம். பாணந்துறையில் ஹமீட் நானாவுக்குத் தெரிந்த ஒருவரின் சாப்பாட்டுக்கடை. திரும்பும்போது தெஹிவளையில் தேத்தண்ணியும் பணிசும். ஆறு மட்டும் கடதாசி ஓரத்தில் சின்னதாக ஒரு வளைவு. மீனைப் பற்றி ஒரு புள்ளியும் இல்லை.

ஹமீட் நானாவுக்குப் புறக்கோட்டையில் கடை. கயிறு, பெயின்ற், ஆணி, கப்பல்காரருக்கு வேண்டிய சாமான்கள். இவர் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். அப்படித்தான் பழக்கம். இன்றைக்கு அவர் கடையிலிருந்து புதுத் தூண்டில் சாமான் வந்தது. பட்டு நூல் சுற்றிய றீல், ஈயக்குண்டு, சிவப்புத் தக்கை, தகர டப்பாவுக்குள் இங்கிலாந்து முள்ளுகள். இவர் ஒவ்வொரு முள்ளாக எடுத்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இதில் பாதி நேரம் பார்த்திருப்பாரோ தெரியாது.

எங்கள் அடுப்பில் மீனோ இறைச்சியோ, எந்த மச்சமும் ஏறுவதில்லை. கலியாணத்துக்கு முன்பே என் அய்யா வைத்த நிபந்தனை. இவரும் ஓம் என்றாராம். அதனால் பிடிக்கிற மீனெல்லாம் கொட்டாஞ்சேனைக்கு, ஹமீட் நானா வீட்டுக்குப் போய்விடும். நான் ஒரு செதிளைக்கூடக் கண்டதில்லை.

குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் சிரிக்கிறார். எவ்வளவு பெரிய சிரிப்பு! ஹமீட் நானா வராவிட்டால், இவருக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்றே எனக்குத் தெரியவந்திராது.

ஜனவரி 9, ஞாயிறு

விடிய வெளிக்கிட்டார்கள். ஐஸ் பெட்டியும் போனது. மரத்தூளுக்குள் ஒரு பாளம் ஐஸ், சாக்கால் சுற்றி, குழந்தைப்பிள்ளையைத் தூக்குவது போல இருவரும் பிடித்துக் காரில் ஏற்றினார்கள்.

பொழுதுபட வந்தார்.

"எப்பிடி?"

"பரவாயில்லை."

"மீன்?"

"ம்."

குளித்தார். சாப்பிட்டார். படுத்துவிட்டார்.

ஜனவரி 14, வெள்ளி. தைப்பொங்கல்

பொங்கி, படைத்து, எல்லாம் ஒழுங்காக முடிந்தது. பொங்கல் நல்லம் என்று இவர் சொல்லவில்லை, ஆனால் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். அதைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

பின்னேரம் பொங்கல் சாப்பிட ஹமீட் நானா வந்தார், கையில் ஒரு படப் புத்தகம். கனடாவிலிருந்து வந்த கப்பலில் யாரோ மாலுமி கொடுத்ததாம். அதில் ஒரு படம். ஏரி முழுக்க உறைந்து வெள்ளைத் தரையாகக் கிடக்க, நடுவில் ஒரு துளை போட்டு, முக்காலியில் ஒரு மனிதன் தூண்டிலோடு குந்தியிருக்கிறான். இவர் அதை ஹமீட் நானாவுக்கு விளங்கப்படுத்தினார். ஐஸ் எவ்வளவு தடிப்பு, கோடரியால் எப்படி வெட்டுவது, கீழே தண்ணீர் உறையாமல் ஏன் இருக்கிறது… அடேயப்பா! எங்கே வாசித்தார் இதையெல்லாம்? நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் தெரியாமல் கேட்டேன்.

பிறகு பைத்தியம் முற்றியது. நுவரெலியாவில் தை மாதம் புல்லில் ஐஸ் பிடிக்கும் என்றார் ஹமீட் நானா. புல்லில் பிடித்தால் ஏரியில் பிடியாதோ? உடனே புதுக் கடதாசி. சனிக்கிழமை ரயில். நாவலப்பிட்டியில் வடையும் தேத்தண்ணியும். கம்பளிச் சட்டைக்குப் புறக்கோட்டை. ஐஸ் வெட்டக் கோடரி ஹமீட் நானாவின் கடையிலேயே இருக்கிறது.

"உடைஞ்சு உள்ளுக்கை விழுந்தால்?" என்றார் இவர்.

"நீ முதல்ல நடந்து பாரு மச்சான். நீ மெலிஞ்ச ஆள்."

ஜனவரி 19, புதன்

நுவரெலியா ஏரி உறைவதில்லையாம். கந்தோரில் மலைநாட்டு ஆள் ஒருவர் வயிறு பிடித்துச் சிரித்தாராம். இது இவர் எனக்குச் சொன்னதல்ல. ஹமீட் நானாவிடம் வாசல் படலையில் நின்று சொன்னது காதில் விழுந்தது. இந்த வீட்டுச் செய்தி எல்லாம் எனக்குக் காற்றுவழியாகத்தான் வருகிறது.

கம்பளிச் சட்டை வாங்கியாயிற்று. வெள்ளவத்தை வெயிலில் அதைக் காயப் போட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 12, சனி

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொட்டாஞ்சேனைக்கு அழைப்பு. ஹமீட் நானாவின் மனைவி றலியாவை இன்றுதான் நேரில் பார்த்தேன். என்னைவிட மூத்தவர், கன்னத்தில் குழி, வாய் ஓயாது. "றாத்தா என்டு கூப்புடு புள்ள, அக்கா என்டா எனக்கு வேற யாரோ மாதிரி ஈக்கு" என்றார். எனக்கென்று புதுச் சட்டி வாங்கி, அதில் மரக்கறி தனியாகச் சமைத்து வைத்திருந்தார். வட்டிலப்பத்தைக் காட்டி, "முட்ட ஈக்கு, தொட்டுறாத" என்று தானே எச்சரித்தார். மனம் நிறைந்துபோயிற்று.

ஆண்கள் முன்னறையில். நாங்கள் உள்ளே. திடீரென்று றாத்தா குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, ஒண்டு கேக்கவா? ஒங்கட மனிசன் மீன் புடிக்கிறத நீ கண்ணால கண்டீக்கியா?"

"இல்லை. ஏன்?"

"போன கெழம ரெண்டு பேரும் புடிச்சதெண்டு என்ன கொண்டு வந்தாங்க தெரியுமா? அறக்குளா! ஆழ்கடல் மீன் புள்ள அது. வள்ளத்துல கரை மறையிற தூரம் போகணும். பாணந்துறைப் பாலத்துக்குக் கீழ அதுக்கு என்ன வேல? செவுளுக்குள்ள ஐஸ் கட்டி வேற. கண்ணு பாத்தா, செத்து ரெண்டு நாள்!"

நான் மச்சம் தின்னாதவள், எனக்கு அறக்குளாவும் ஒன்று அயிலையும் ஒன்று. ஆனால் சொன்னது விளங்கியது. இவர்கள் பிடிப்பது மீனே இல்லை. வாங்குகிறார்கள்!

இரண்டு பேரும் முந்தானையை வாயில் அடைத்துச் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகுதான் றாத்தா கேட்டார்: "அப்ப ஞாயித்துக்கெழம முழுக்க இவங்க எங்க போறாங்க?"

கள்ளுக் கொட்டிலாக இருக்கலாம் என்றேன். சீட்டாட்டமாக இருக்கலாம் என்றார். இன்னொன்றாகவும் இருக்கலாம். அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெப்ரவரி 14, திங்கள்

நேற்றும் போனார். "பரவாயில்லை" என்றார்.

சட்டை தோய்க்கும்போது மணந்து பார்த்தேன். வெயில், ஆற்றுச் சேறு, கட்டச்சம்பல். வேறொன்றும் இல்லை. இப்படி மணந்து பார்க்கிற பெண்ணாகிவிட்டேனே என்று அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கேட்டால் என்ன? கேட்கலாம். "ம்" என்பார். அந்த "ம்"மில் இருந்து எதைக் கண்டுபிடிப்பது?

பெப்ரவரி 20, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

றாத்தாவின் பெரியம்மா வீடு பாணந்துறையில், ஆற்றங்கரையில். பெரியம்மாவைப் பார்க்கப் போக றாத்தாவுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லையாம். கார் புறப்பட்டுப் போன கையோடு நான் வெள்ளவத்தை ஸ்ரேசனுக்கு நடந்தேன். கோட்டையிலிருந்து வந்த ரயிலில், பெண்கள் பெட்டியில், றாத்தா தலையில் முக்காடும் மடியில் ஒரு தூக்குச்சட்டியும். "துப்பறியப் போறதெண்டாலும் பசிக்கும்தானே?" எனக்கென்று இடியப்பமும் சொதியும், தேங்காய்ச் சம்பலும். மாசிக் கருவாடு போடவில்லை என்று சத்தியம் செய்தார்.

பெரியம்மா வீட்டுக் காணி ஆறு வரைக்கும் இறங்குகிறது. கரையில் கிடுகு வேலி. பொத்தலுக்குள்ளால் பார்த்தோம்.

அக்கரையில், பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள்தான். கள்ளு இல்லை. சீட்டு இல்லை. யாரும் இல்லை. காற்சட்டையை முழங்கால் மட்டும் சுருட்டி, குடையை மரத்தில் கட்டி, தூண்டில் தடிகளை மண்ணில் குத்தி வைத்திருந்தார்கள். உண்மையாகவே மீன்பிடிக்கத்தான் போகிறார்கள்! பிடிபடுவதில்லை, அவ்வளவுதான்.

றாத்தாவுக்கு நிம்மதியில் சிரிப்பு அடங்கவில்லை. அதோடு, கடற்கரைப் பக்கமிருந்து காவுதடியில் கூடை தொங்க ஒரு மீன்காரன் வந்தான். ஹமீட் நானா எழும்பிப் போய், கூடைக்குள் தலையை விட்டு, ஒரு பெரிய மீனைத் தூக்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்.

"புடிச்சிட்டாங்க!" என்றார் றாத்தா.

நான் சிரிக்கவில்லை. நான் பார்த்தது வேறு. இவர் எழும்பி நின்று ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி, முதுகை வளைத்து, யாரோ மாதிரி நடந்து காட்டி… கந்தோர்ப் பெரியவராக இருக்க வேண்டும். பிறகு குரலை மாற்றி இன்னொரு ஆள். ஹமீட் நானா புல்லில் உருண்டார். தக்கை ஒன்று தண்ணீருக்குள் இழுபட்டுப் போனது, இருவரும் கவனிக்கவில்லை. பேசினார், பேசினார், நாங்கள் நின்ற நேரம் முழுக்கப் பேசினார்.

இந்த மனிதரை எனக்குத் தெரியாது.

பெப்ரவரி 21, திங்கள்

ஒரு பெண் இருந்திருந்தால் அவளைத் திட்டியிருக்கலாம். இப்ப ஆரைத் திட்டுறது? ஆத்தையா? எனக்கெண்டு ஒரு சொல்லும் மிஞ்சாமல் அந்தத் தண்ணிக்கை எல்லாத்தையும் கொட்டிப்போட்டு வாறாரே. நான் என்ன, ஊமையோ? சீனியர் சோதினை பாஸ் பண்ணினனான். கதைச்சால் விளங்காதோ எனக்கு?

இன்றைக்குக் கறிக்கு உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதிலும் எனக்குக் கோபம்.

பெப்ரவரி 24, வியாழன்

கேட்டுவிட்டேன்.

கந்தோரால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அறக்குளா ஆத்திலை பிடிபடுமோ?" என்றேன்.

தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"ஆர் சொன்னது?"

"நாங்கள் பாத்தனாங்கள். ஞாயிற்றுக்கிழமை. நானும் றாத்தாவும். வேலிக்குப் பின்னாலை."

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. முகம் சிவந்து, பிறகு ஒரு மாதிரிச் சுருங்கியது. "வெறுங்கையோடை போனால் றலியா சிரிப்பா எண்டு ஹமீட்தான்…" என்று ஏதோ தொடங்கினார்.

"மீனை விடுங்கோ. அங்கை அவ்வளவு கதைக்கிறியள். நடிச்செல்லாம் காட்டுறியள். இஞ்சை ஏன் ஒரு சொல்லும் இல்லை? என்னைப் பிடிக்கேல்லையோ?"

கடைசிக் கேள்வியைக் கேட்க நினைக்கவில்லை. தானாக வந்துவிட்டது.

இவர் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, "வாரும், கடற்கரைக்குப் போவம்" என்றார்.

ஒழுங்கையால் இறங்கி, ரயில் பாதையைக் கடந்து, கற்களில் போய் இருந்தோம். இருவரும் கடலைப் பார்த்தபடி. பிறகு, என்னைப் பார்க்காமலே, தொடங்கினார்.

இவருடைய தகப்பன் வீட்டில் இருக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாதாம். சாப்பாட்டில் ஒரு பிள்ளை கதைத்தால், அந்தப் பிள்ளையின் சோற்றுக் கோப்பை முற்றத்துக்குப் போகும். ஒரு தரம் இவர், பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்ததைச் சொல்ல வாய் எடுத்து, அன்று இரண்டு நேரமும் பட்டினியாம். "கூரைக்குக் கீழை வந்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். வெளியிலை வந்தால் திறக்கும். உம்மோடை கதைக்கோணும் எண்டு ஒவ்வொரு நாளும் ஒழுங்கையாலை வரேக்கை ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் வாறனான். படலை திறந்தவுடனை போயிடும்."

"என்னத்தை ஆயத்தப்படுத்தினனியள்?"

"இண்டைக்கோ? ஒரு கப்பல் யானை ஏத்த வந்தது. யானை ஏறமாட்டன் எண்டு நிண்டிட்டுது."

"பிறகு?"

பிறகு என்ன, பொழுதுபடும் வரைக்கும் அந்த யானை. தும்பிக்கையால் கங்காணியின் தலைப்பாகையைப் பறித்ததை எழும்பி நின்று செய்து காட்டினார். கடற்கரையில் போன ஒரு பறங்கிச் சீமாட்டி நின்று பார்த்துவிட்டுப் போனா. எனக்கு வெட்கமே வரவில்லை.

மார்ச் 12, சனி

அடுத்த கிழமை நாலு பேரும் போகிறோம். சனி இரவு பாணந்துறையில் பெரியம்மா வீடு. பெண்கள் உள்ளே, ஆண்கள் விறாந்தையில். றாத்தாவின் கட்டளை. ஹமீட் நானா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, அறக்குளா விஷயம் வெளிப்பட்ட நாளிலிருந்து அவர் மிகவும் பணிவு.

இன்று தூண்டில் சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனோம். எனக்கு நூல், ஈயக்குண்டு, பச்சைத் தக்கை. முள் வேண்டாம் என்றேன். ஒரு சீவனைக் குத்த எனக்கு மனம் வராது. கடையில் நின்ற சிங்களப் பொடியன் திகைத்துப்போய், "நோனா, கொக்க நெத்துவ மாளு அல்லன்னே கொஹொமத?" என்றான். கொக்கி இல்லாமல் மீனை எப்படிப் பிடிப்பதாம்.

"கொக்கி வச்சே இவங்க புடிக்கல்லயே!" என்றார் றாத்தா. ஹமீட் நானா தன் கடையிலேயே தலையைக் குனிந்துகொண்டு ஆணி எண்ணினார்.

திட்டக் கடதாசியில் இந்த முறை நானும் கை வைத்தேன். மொரட்டுவை அப்பக்கடைக்கு வெட்டு. அதற்குப் பதில், எனக்குத் தெரிந்த சைவக்கடை ஒன்று. இவர் முனகினார். முனகட்டும், அதுவும் ஒரு பேச்சுத்தானே.

மார்ச் 20, ஞாயிறு

வந்து சேர்ந்துவிட்டோம். கால் முழுக்கச் சேறு, முகம் கறுத்துவிட்டது, அம்மா கண்டால் கத்துவா.

காலையில் எல்லாரும் ஆற்றங்கரையில். இவருக்கு முள்ளுள்ள தூண்டில், எனக்கு முள்ளில்லாதது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். இவருக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை. என் நூலில் கட்டியிருந்த மாவுருண்டையை மட்டும் ஏதோ ஒன்று நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது. "உம்முடைய ஆள் மரியாதையான ஆள், சாப்பிட்டிட்டுப் போயிட்டார்" என்றார் இவர்.

கனடாவில் ஏரி உறையும் கதையைச் சொன்னார். எனக்குத் தெரியாதது போலவே கேட்டேன். எத்தனை சந்தேகம் கேட்டேனோ, அத்தனைக்கும் பதில் வைத்திருந்தார். "அங்கை போய் ஒருக்கா இருந்து பாக்கோணும், இல்லையே?" என்றார். குளிரில் நான் என்ன செய்வேன் என்று கேட்டதற்கு, "அந்தக் கம்பளிச் சட்டை உமக்குத்தான்" என்றார். நான்கு பேருக்குள் இவ்வளவு பெரிய பொய்யை நான் கேட்டதில்லை. நன்றாக இருந்தது.

மீன் பிடிபட்டது றாத்தாவுக்கு. ஒரு கெளுத்தி, என் சுட்டுவிரல் நீளம். றாத்தா போட்ட சத்தத்தில் பாலத்தில் போன மாட்டுவண்டி நின்றது. ஹமீட் நானா அதை உள்ளங்கையில் வைத்து, தடவி, "மாஷா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். பிறகு றாத்தாவின் உத்தரவுப்படி நாலு பேருமாகச் சேர்ந்து அந்த விரலளவு மீனை அந்தப் பெரிய ஐஸ் பாளத்தின் நடுவில் வைத்து, சாக்கால் மூடி, கொட்டாஞ்சேனை வரைக்கும் கொண்டுபோனோம்.

காரில் வரும்போது இவர் பேசிக்கொண்டே வந்தார். வீட்டுப் படலையைத் திறந்தார். பேச்சு நின்றது. விளக்கை ஏற்றினேன். பேசாமலே சாப்பிட்டோம். சரி. ஒரே நாளில் எல்லாம் வருமோ?

மார்ச் 29, செவ்வாய்

கந்தோரில் என்ன என்று கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றார். பிறகு கதவு வரைக்கும் போய், வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டு, கப்பலிலிருந்து ஒரு குரங்கு தப்பிய கதையைச் சொன்னார். வீட்டுக்குள் ஒரு கால், வெளியே ஒரு கால். நானும் சிரிக்காமல் கேட்டேன்.

ஏப்ரல் 17, ஞாயிறு

ஆற்றங்கரை. மீன் இல்லை. தெஹிவளைப் பணிஸ் சூடு.

மே 22, ஞாயிறு

மழை தொடங்கிவிட்டது. கடல் இரைகிறது, ஆறு கலங்கிப் பாய்கிறதாம். இனி ஆவணி முடியும் வரைக்கும் மீன்பிடி இல்லை. ஐஸ் பெட்டியை ஹமீட் நானா கொண்டுபோய்விட்டார். இவர் யன்னலடியில் நின்று மழையைப் பார்த்தபடியே இருந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு நீளமான மழைக்காலத்தைச் சுவருக்குள் எப்படிக் கழிக்கப் போகிறோம்?

ஜூன் 12, ஞாயிறு

விடாத மழை. மத்தியானம் சாப்பிட்டு, கோப்பை கழுவி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். இந்த வீட்டின் மற்றப் பாதியில், போன மாதம் குடிவந்த நாகேந்திரம் மாஸ்ரர். பென்சன் எடுத்தவர், மிகவும் சாதுவான மனிதர். குடையைப் பிடித்துக்கொண்டு, சொல்லத் தயங்கித் தயங்கி நின்றார்.

"பிள்ளை, குறை நினைக்கக்கூடாது. இந்தச் சுவர் கொஞ்சம் மெல்லிசு. தம்பி பகல்லையும் விடாமல் கதைச்சுக்கொண்டிருக்கிறார். கதை நல்லாத்தான் இருக்குது, நானும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். ஆனால் இந்த வயதிலை மத்தியானம் ஒரு கண் அயராட்டி…"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. மன்னிக்கச் சொல்லி, இனிக் கவனமாக இருப்போம் என்று அனுப்பிவைத்தேன்.

"ஆர் அது?" உள்ளேயிருந்து இவர்.

"மாஸ்ரர். சும்மா வந்தவர்."

"சரி, இஞ்சை வாரும். எதிலை விட்டனான்?"

கதவைச் சாத்திவிட்டு, அரிசிச் சுளகோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். மாஸ்ரர் என்ன சொன்னார் என்பதை இவருக்குச் சொல்லவில்லை.